கடலோரத்து பேட்டரியும் மலைக்குளிரும்: முதல் தடவை கேம்பிங் கிளம்புகிறவர்களுக்கு

என் டீசல் ஜீப்பின் பேட்டரி கோத்தகிரியில் செத்தது என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம். தேயிலைத் தோட்டத்துக்குள் காசு கட்டிக் கூடாரம் போட்ட இடம். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி, திரும்பப் பளிச்சென்று எரிந்தது. பின் சீட்டில் போர்வைக்குள்ளிருந்தபடியே மச்சினன், "என்ன மாமா, அவ்வளவுதானா?" என்றான்.

ஊர் திரும்பியதும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வழக்கமாகப் பார்க்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கதையைச் சொன்னேன். அவர் பேட்டரியின் ஆறு மூடியையும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது அங்க சாகல. சித்திர வெயில்லயே இங்க செத்துடுச்சு. குளிர்ல போய்தான் உங்ககிட்ட சொல்லியிருக்கு."

அவர் சொன்னதற்கு விளக்கவுரைதான் இந்தக் கட்டுரை. கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று வண்டியோடு போய் இரவு தங்க நினைக்கும் புதியவர்களுக்காக எழுதுகிறேன். வேலையில் முக்கால்வாசி இங்கேயே, வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும்.

வெயில் கொல்லும், குளிர் காட்டிக்கொடுக்கும்

வண்டியிலிருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல். ஒவ்வொன்றும் ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் கொண்டது. ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே தரும். உள்ளே நடப்பது ரசாயன வினை. சூடு ஏறினால் வினை வேகமாகும், கூடவே தகடு அரிப்பதும் தண்ணீர் ஆவியாவதும் வேகமாகும். ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி என்றால், பானட்டுக்கு அடியில் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

சூடாக இருக்கும்வரை அந்தச் சேதம் வெளியே தெரியாது என்பதுதான் இதில் வில்லங்கம். இன்ஜின் ஆயில் இளகியிருக்கும், வினையும் சுறுசுறுப்பாக நடக்கும், அதனால் அரைகுறை பேட்டரிகூட ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆக்கிவிடும். நாமும் 'நம்ம வண்டி நல்லாத்தான் இருக்கு' என்று நம்பிக்கொண்டிருப்போம்.

மலையில் கதை தலைகீழ். பூஜ்ஜியம் டிகிரியில் ஈய பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் 80 சதவீதம்தான் தரும். ஆயில் கெட்டிப்பட்டுக் கிடப்பதால் செல்ஃப் மோட்டாருக்குச் சுமை அதிகம். டீசல் வண்டி என்றால் அதற்கு முன்பே, இன்ஜினின் உள்ளே சூடேற்றும் குளோ பிளக்குகள் ஒரு பங்கைக் குடித்துவிடும். வண்டி கூடுதலாகக் கேட்கும் நேரத்தில் பேட்டரி கையை விரிக்கிறது. மார்கழியில் கடலூரில் விடியற்காலை 20, 21 டிகிரி இருந்தாலே நாம் மப்ளரைச் சுற்றிக்கொள்கிறோம். ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கீழே 40 டிகிரியில் வெந்த பேட்டரியை ஒரே நாளில் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது: சோதனை

மூன்று வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் புதியதைப் போட்டு, ஊருக்குள் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மலையேறலாம். கிளம்புகிற அன்று மாற்றிக்கொண்டு போகாதீர்கள்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். வண்டியை இரவு நிறுத்திவிட்டு, காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பே டெர்மினல்களில் வைத்துப் பாருங்கள். வண்டி ஓட்டிவந்த உடனே பார்த்தால் மேலோட்டமான சார்ஜ் காட்டி ஏமாற்றும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். மலைக்குப் போகிறவருக்கு 12.4-க்குக் கீழ் எதுவும் போதாது.

வோல்ட் சரியாக இருப்பதாலேயே பேட்டரி நல்லது என்று அர்த்தமில்லை. என்னுடையது 12.6 காட்டிக்கொண்டேதான் செத்திருந்தது. அதனால் இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் சுற்றும்போது மீட்டரைப் பாருங்கள். 10-க்கு மேல் நின்றால் நிம்மதி. 9.6-க்குக் கீழே சரிந்தால், இந்த வெயிலிலேயே இப்படியென்றால் அங்கே என்ன ஆகும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போதும் ஒரு தடவை பாருங்கள்: பழைய வண்டிகளில் 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் டைனமோ சரியாக சார்ஜ் ஏற்றுகிறது.

மூடி கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கடைக்காரரிடம் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். '1250 காட்டுது' என்றால் நல்லது. '1200' என்றால் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஐந்து செல் 1250 காட்டி ஒன்று மட்டும் 1180 காட்டினால், சார்ஜ் ஏற்றிப் பயனில்லை. அந்த செல் போய்விட்டது. ஒரு செல் போனால் பேட்டரியே போன மாதிரிதான். ஒரு கடையில் என்னிடம் 'ஆசிட் மாத்திட்டா சரியாயிடும்' என்று காசு வாங்கினார்கள். ஆகவில்லை. குறைவது தண்ணீர்தான், ஆசிட் இல்லை. ஆசிட்டை மேலும் ஊற்றினால் தகடு இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. புதுச்சேரியில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து பேட்டரிக்கு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் தூசியும் காயிலின் உலோகத் துகளும் கலந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு முழுதாகப் போயிருக்காது. டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று எத்தனை ரூபாய், புது பேட்டரி எத்தனை ரூபாய்! தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, முழு சார்ஜ் ஏறிய பிறகு குறி வரைக்கும் நிரப்புங்கள். முன்பே விளிம்புவரை நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை, கேனைக் காட்டி செக்போஸ்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பேட்டரிக்கு மூன்று, நான்கு வயது தாண்டியிருந்தால், நம் ஊர் வெயிலில் அது தாத்தா. சோதனையில் தேறினாலும் மலைக்கு அழைத்துப்போக நான் யோசிப்பேன். புதிதாக வாங்கும்போது ஆம்பியர்-மணியை, அதாவது மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பதை, மட்டும் கேட்காமல் சி.சி.ஏ. எண்ணையும் கேளுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு, வோல்ட் 7.2-க்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதுதான் அந்த எண். வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறையாமல், பேட்டரி தட்டில் உட்காரும் அதே சைஸில் வாங்குங்கள்.

உப்பைக் கழுவுவது

கடலோர வண்டி ஓட்டுகிறவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இது. தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ நிற்கும் வண்டியின் பானட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினல்மேல் நீலப்பச்சையும் வெள்ளையுமாக ஒரு பூச்சு, கருவாட்டுமேல் உப்புப் பூத்த மாதிரி இருக்கும். ஆசிட் ஆவியும் கடல்காற்றும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தப் பூச்சு கிளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே புகுந்துவிட்டால் மின்சாரம் தடைபடும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் சுற்றாது. செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டுமே. பேட்டரி மாற்றியும் சரியாகாமல் தவித்த பல பேருக்கு இந்தப் பூச்சுதான் காரணமாக இருந்திருக்கிறது.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றுங்கள். வரிசை முக்கியம்: பிளஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொண்டு பழுக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. கிளாம்பு இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். டெர்மினலின் அடி விரிந்து அங்கேயிருந்து ஆசிட் கசியும். திருகாணியை நன்றாகத் தளர்த்தி, இடமும் வலமுமாக அசைத்து மேலே எடுக்க வேண்டும்.

ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்தால், எண்ணெயில் பஜ்ஜி விழுந்த மாதிரி நுரைத்துச் சொய்யென்று சத்தம் வரும். நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது என்று அர்த்தம். மூடிகள் இறுக்கமாக மூடியிருக்கட்டும். சோடா தண்ணீர் ஒரு சொட்டு செல்லுக்குள் போனாலும் உள்ளேயிருக்கும் ஆசிட்டைக் கெடுத்துவிடும். பிறகு நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, காயவைத்து, கிளாம்பின் உட்பக்கத்தை உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேயுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி. இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். உடம்பில் போய்ச் சேரும் எர்த் கம்பியின் மறுமுனையையும் இதே மாதிரி சுத்தம் செய்யுங்கள். அதை யாருமே பார்ப்பதில்லை, நம் ஊரில் துருப்பிடிப்பதோ அங்கேதான் அதிகம்.

பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடக்கூடாது. சைக்கிள் டியூப் போட்டுக் கட்டியிருந்தால் அவிழ்த்து எறிந்துவிட்டு முறையான கிளாம்பு போடுங்கள். மலைப்பாதைக் குலுக்கலில் தகட்டிலிருக்கும் பூச்சு உதிர்ந்து அடியில் சேர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும்.

அப்புறம், வண்டி அணைந்திருக்கும்போது திருட்டுத்தனமாகக் குடிக்கும் கருவிகள். ஜி.பி.எஸ்., டேஷ்கேம், வெளியே வாங்கி மாட்டிய ஆம்ப்ளிஃபயர். மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். டேஷ்கேமின் பார்க்கிங் மோடை மட்டும் மலையில் அணைத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவு பேட்டரியை சார்ஜரில் போடுங்கள். 75 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 7, 8 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு, போதும். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், பக்கத்தில் பீடி, ஊதுபத்தி எதுவும் கூடாது. 'மஞ்சக்குப்பத்துக்கும் ஓல்டு டவுனுக்கும் தினமும் ஓட்டுகிறேனே, சார்ஜ் ஏறாதா' என்று கேட்டால், ஏறாது. அது செல்ஃப் செலவழித்ததை ஈடுகட்டவே சரியாகப் போய்விடும்.

இரண்டாவது பேட்டரி: முதலில், தேவையா?

பாதிப் பேருக்குத் தேவையில்லை. ஒரு ராத்திரி, நாலு போன், ஒரு விளக்கு என்றால் பெரிய பவர் பேங்க் ஒன்றும் எல்.இ.டி. லாந்தர் ஒன்றும் போதும். வண்டி பேட்டரியிலிருந்து இரவில் எதையும் எடுக்காதீர்கள். செல்ஃப் பேட்டரி சட்டென்று நிறையக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளச் செய்யப்பட்டது. மெல்லமெல்ல ஆழமாக வடித்தால் சில தடவையிலேயே தளர்ந்துவிடும்.

இரண்டு, மூன்று இரவு, லேப்டாப், கேமரா, குழந்தைக்கு வெந்நீர் பாட்டில் சூடாக்கி என்று போகிறவர்களுக்குத்தான் இரண்டாவது பேட்டரி. ஃபிரிட்ஜும் உண்டு, ஆனால் மார்கழி ஊட்டிக்கு ஃபிரிட்ஜ் எடுத்துப் போகிறவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. கடலூர் துறைமுகத்தில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போகிறார் என்றால் மட்டும் மன்னிக்கலாம்.

கணக்கை இப்படிப் போடுங்கள். 10 வாட் விளக்கு 5 மணி நேரம், 50 வாட்-மணி. நாலு போன், 60. லேப்டாப் ஒரு தடவை, 60. கேமராவும் சில்லறையும் 30. மொத்தம் 200. அதை 12-ஆல் வகுத்தால் 17 வரும். வழியில் வீணாவதையும் சேர்த்து ஓர் இரவுக்கு 20 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது என்பதால் 40. குளிருக்காக இன்னும் 10. நடுவில் வண்டி ஓட்டாமல் இரண்டு இரவு என்றால் 100 ஆம்பியர்-மணி. இதே வேலைக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கடையில் எல்.எஃப்.பி. என்பார்களே, அது 50 போதும். 80 சதவீதம்வரை வடிக்கலாம். எடையும் ஈய பேட்டரியில் பாதிக்கும் குறைவு.

சூடேற்றும் எதையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவரும்போது ஜாக்கிரதை. 50 வாட் மின்போர்வை 8 மணி நேரத்தில் 400 வாட்-மணி குடிக்கும். மேலே போட்ட மொத்தக் கணக்கின் இரண்டு மடங்கு. இன்வெர்ட்டரில் 1000 வாட் கெட்டில் போட்டால் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 90 ஆம்பியர் இழுக்கும். டீயைக் கூடாரத்துக்கு வெளியே கேஸ் அடுப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 50 கிலோவுக்கு மேல் எடை. வளைவில் சாய்ந்தால் ஆசிட் கொட்டும். மூடிய வண்டிக்குள் வாயு சேரும். வேண்டாம். வண்டிக்குள் வைப்பதென்றால் ஏ.ஜி.எம். எனப்படும், ஆசிட் கொட்டாத சீல் செய்த ஈய பேட்டரி அல்லது எல்.எஃப்.பி., அதுவும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்கட்டும்.

இணைப்பு வேலையை நல்ல எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஆனால் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கவனிக்க வேண்டியவை சில. பழைய வண்டி என்றால், இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் இணைத்து, அணைத்ததும் பிரித்துவிடும் வோல்ட் பார்க்கும் ரிலே ஒன்று போதும், அதுவும் இரண்டும் ஈய பேட்டரியாக இருந்தால். புது பி.எஸ். 6 வண்டிகள் பலவற்றில் டைனமோவின் வோல்ட்டை கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அங்கே ரிலே குழம்பும். எல்.எஃப்.பி. போட்டால் எந்த வண்டியானாலும் நடுவில், அளவாக மட்டும் எடுத்து ஏற்றும் டி.சி.–டி.சி. சார்ஜர் கட்டாயம். நேராக இணைத்தால் அது டைனமோவால் முடிந்த மட்டும் இழுத்து, டைனமோவை வேகவைத்துவிடும்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள். முன்னாலிருந்து பின்னால் 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 40 ஆம்பியர் ஓடும்போது வீட்டு வயரிங்குக்குப் போடும் 4 சதுர மி.மீ. வயரில் கிட்டத்தட்ட 2 வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும். 16 சதுர மி.மீ. செம்பு என்றால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். ஃபியூஸ் இரண்டு பேட்டரி பக்கமும், பிளஸ்ஸிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் எங்கோ ஒரு ஃபியூஸ் போட்டுவிட்டு 'போதும் சார்' என்பார்கள், போதாது. வயர் எங்கேயாவது உரசி உடம்பில் பட்டால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் துண்டுதான் பற்றி எரியும். பேட்டரியின் மைனஸில் சென்சார் பொருத்திய வண்டி என்றால், இரண்டாவது பேட்டரியின் மைனஸை அந்த டெர்மினலில் சேர்க்காமல் வண்டி உடம்பில் சேருங்கள். வாரன்டி இருக்கும் வண்டியில் கம்பெனி வயரை வெட்டி ஒட்ட விடவே விடாதீர்கள்.

எல்.எஃப்.பி. வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: பூஜ்ஜியத்துக்குக் கீழே அதிலிருந்து எடுக்கலாம், அதற்குள் ஏற்றக்கூடாது. அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. வாங்கும்போதே பி.எம்.எஸ்.ஸில், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டில், குளிர் கட்-ஆஃப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சோலார் பேனல் வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உறைபனி படிந்த காலை ஏழு மணிக்கு வெயில் வந்துவிடும், பேனல் வேலையைத் தொடங்கிவிடும், பேட்டரியோ இன்னும் இரவுக் குளிரிலேயே இருக்கும். நான் அதைக் காலடியில், போர்வைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவேன். மச்சினன் சிரிப்பான், பரவாயில்லை.

முதல் ஒத்திகை ஏற்காடு

நேராக ஊட்டிக்குப் போகாதீர்கள். கடலூரிலிருந்து விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாக சேலம் நான்கைந்து மணி நேரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. 1500 மீட்டர் உயரம். குளிரும், ஆனால் உறையாது. தப்பு நடந்தாலும் சேலம் மெக்கானிக் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். ஓர் இரவு தங்கி, மாலையிலும் காலையிலும் இரண்டு பேட்டரியின் வோல்ட்டையும் எழுதிவைத்துக்கொண்டு வந்தால், நீங்கள் போட்ட கணக்கு எவ்வளவு தூரம் சரி என்று தெரிந்துவிடும். என் முதல் கணக்கில் மச்சினனின் ஸ்பீக்கரைச் சேர்க்க மறந்திருந்தேன்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டு ஓரத்தில் அனுமதியில்லாமல் வண்டியை நிறுத்தித் தூங்குவது குற்றம், யானையும் வரும். காசு கட்டித் தங்கும் தனியார் தோட்டம்தான் புதியவர்களுக்குச் சரி.

மலையில் இரவும் விடியலும்

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஹெட்லைட், ஹீட்டர், வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு இரவில் மெல்ல ஊர்ந்து ஏறினால் பேட்டரி நிரம்பாமலே படுக்கப் போகும். காற்று மறைவான இடத்தில், முகப்பு கிழக்கே பார்க்க, முன்னால் இன்னொரு வண்டி வந்து நிற்க இடம் விட்டு நிறுத்துங்கள். காலை வெயில் முதலில் பானட்டில் விழும்; ஜம்பர் கேபிள் எட்டும்.

பானட்மேல் கம்பளி போர்த்துகிறார்களே, அதனால் பலன் உண்டா? வண்டி சூடாக வந்து நின்றதும் போர்த்தினால் ஆறுவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பேட்டரி தானாகச் சூட்டை உண்டாக்காது.  நான் போர்த்துவதில்லை. பேட்டரியே உறைந்துவிடுமோ என்ற பயமும் தமிழ்நாட்டு மலைகளில் வேண்டாம்: முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50-க்குக் கீழேதான் உறையும். முழுக்க வடிந்ததுதான் மைனஸ் 8, 10-லேயே உறைந்து வெடிக்கும். லே, ஸ்பிட்டி பக்கம் போகிறவர்களுக்கு அது நிஜமான கவலை.

குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதோ, கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ வைப்பதோ கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

காலையில் விளக்கு, ஃபேன், சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். டீசலில் டேஷ்போர்டில் எரியும் குளோ பிளக்கின் சுருள் விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டும். ரொம்பக் குளிர் என்றால் சாவியை மூடித் திறந்து இன்னொரு தடவையும் காத்திருக்கலாம். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். விட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி. மூன்று தடவைக்கு மேல் முயற்சி செய்வது மிச்சமிருப்பதையும் தீர்க்கும்.

'டக்' மட்டும்தான் வருகிறதா? முதலில் கிளாம்பை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான் காரணம். அதுவும் இல்லையென்றால் ஜம்பர் கேபிள். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனையை நல்ல வண்டியின் பிளஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல வண்டியின் மைனஸில். கடைசி முதலை கிளிப்பைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி வரும். பேட்டரி மேலே ஹைட்ரஜன் இருக்கும். இரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. கோத்தகிரியில் எனக்குத் தோட்டத்து ஜீப் டிரைவர் இதைச் செய்து காட்டினார். கையில் டீயோடு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல்.

சரிவில் உருட்டி, இரண்டாவது கியரில் விடுவது பழைய வண்டிக்காரர்களின் கை வந்த கலை. இன்ஜின் ஓடாதவரை பவர் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது என்பதை மனதில் வைத்து, சரிவின் கீழே தட்டையான திறந்தவெளி இருந்தால் மட்டும் செய்யுங்கள். வளைவுள்ள சாலையில் வேண்டவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது பலிக்காது.

ஸ்டார்ட் ஆனதும் அணைத்துவிடாமல் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். பாதி வடிந்த பேட்டரி முழுதாக நிரம்ப அதுவும் போதாது. வீட்டுக்கு வந்து சார்ஜரில் ஓர் இரவு கிடக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு

இரண்டாவது பேட்டரி ஈயமாக இருந்தால் முழு சார்ஜில் வைத்து, மாதம் ஒரு தடவை மேலும் ஏற்றுங்கள். எல்.எஃப்.பி. என்றால் பாதி சார்ஜில், நிழலில் வைப்பது நல்லது. பங்குனி, சித்திரையில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஐப்பசி பிறந்ததும் மறுபடி முழுக்க ஏற்றி வையுங்கள். புயல் அடித்து இரண்டு நாள் கரன்ட் இல்லாத வீட்டில் போனும் விளக்கும் அதில்தான் ஓடும். ஆப்ப சோடா வேலையை நான் வருஷத்துக்கு மூன்று தடவை செய்கிறேன். தேதியை பேட்டரியின் தலையிலேயே மார்க்கரால் எழுதிவிடுவது வழக்கம். வீட்டில் ஆப்பத்துக்கு சோடா தேடும்போது டப்பா எங்கே இருக்கிறது என்று இப்போதெல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள்.